தோட்டத்தில் ஒரே அடி கிடையாது

(வானொலியின் பண்ணை நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று வீட்டுக் காய்கறித் தோட்டம் பற்றிச் சில விவரங்களைச் சொல்ல வந்திருக்கிறேன். நடுவில் கொஞ்சம் சினிமாவும் வரும். காரணத்தைக் கேட்டால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

நாலு ஏக்கர் பருத்தி போட்டிருப்போம். ஆனால் கால் கிலோ கத்தரிக்காய்க்குப் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போவோம். இது நம் ஊர்களில் பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். கிணற்றடியிலோ கொல்லைப்புறத்திலோ ஒரு சென்ட் இடம் சும்மா கிடக்கும். ஒரு சென்ட் என்றால் ஏறக்குறைய 435 சதுர அடி. வீட்டுக்கு வேண்டிய கீரையிலும் காயிலும் நல்ல பங்கு அதில் எடுக்கலாம். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பருத்தியிலும் நெல்லிலும் முப்பது வருஷ அனுபவம் உள்ளவர்கூட, காய்கறிச் செடி முன்னால் நிற்கும்போது புதியவர்தான். வயல் பழக்கத்தை அப்படியே கொல்லைக்குக் கொண்டுவந்தால் ஆபத்து வரும்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு இளைஞர். தகப்பனாரோடு சேர்ந்து பருத்தி விவசாயம் பார்க்கிறார். வீட்டில் சொன்னார்கள் என்று போன ஆடிப் பட்டத்தில் கொல்லையில் ஒரு சென்டில் கத்தரி, வெண்டை, தக்காளி, கீரை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுவிட்டார். நன்றாகத்தான் வளர்ந்தன. பூ எடுக்கும் சமயத்தில் என்னைத் தேடி வந்தார்.

"சார், கத்தரியில குருத்து எல்லாம் தலை சாஞ்சு தொங்குது. பரண்ல பருத்திக்கு வாங்கின மருந்து அரை பாட்டில் மிச்சம் இருக்கு. அதையே அடிச்சிடலாமா? ஒரே அடியில எல்லாம் விழணும் சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "என்ன தம்பி, சண்டைப் பட வசனம் மாதிரி பேசுறீங்க?" என்றேன். அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. "வீட்ல திட்டுவாங்க சார். ஆனா ராத்திரி ஒரு சண்டைப் படம் பார்க்காம தூக்கம் வராது. கதை எல்லாம் ஒண்ணும் இருக்காது, தெரியும். இருந்தாலும் அந்த அடி விழுறப்போ ஒரு சந்தோஷம்" என்றார்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? விஞ்ஞானம் படித்த நானும் அந்தக் கட்சிதான். 'முரட்டுக்காளை' 1980-இல் வந்த படம். டி.வி.யில் போட்டால், ஓடுகிற ரயில் மேல் நடக்கும் அந்தச் சண்டை முடியும் வரை எழுந்து போக எனக்கு மனம் வராது. உழைத்துக் களைத்தவனுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. பார்க்கட்டும். படத்தில் இருக்கும் அந்த 'ஒரே அடி'யைத் தோட்டத்துக்குக் கொண்டுவரக் கூடாது, அவ்வளவுதான்.

அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "இன்னைக்கு மருந்து அடிக்கிறீங்க. நாளைக்குக் காலையில குழம்புக்குக் காய் பறிக்கப் போறது யார்?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மாதான் பறிப்பாங்க. பாப்பாவும் கூடவே போகும்" என்றார். அதன் பிறகு அந்த பாட்டிலைப் பற்றி அவர் பேசவில்லை.

பெருமக்களே, பருத்தி நஞ்சைக் காய்கறிக்கு அடிப்பது சாதாரண விஷயம் இல்லை. மோனோகுரோட்டோபாஸ் என்ற மருந்தைக் காய்கறிப் பயிர்களில் பயன்படுத்தக் கூடாது என்று 2005-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. அது செடியின் சாற்றிலேயே ஏறிவிடும் வகை. மேலாகக் கழுவினால் போகாது. வயலில் விளைவது ஆலைக்குப் போகிறது. கொல்லையில் விளைவது அன்றைக்கே நம் குழந்தையின் தட்டுக்கு வருகிறது. இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

சரி, குருத்து ஏன் தலை சாய்கிறது? இது கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவின் வேலை. ஒரு சிறிய அந்துப்பூச்சி இலையிலும் குருத்திலும் முட்டை வைக்கும். பொரித்து வரும் புழு சீக்கிரமே தண்டுக்குள் துளைத்துப் போய்விடும். உள்ளே தின்னத் தின்ன நுனி வாடித் தொங்கும். காய் பிடித்த பிறகு காய்க்குள் போகும். இப்போது யோசித்துப் பாருங்கள். வில்லன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நாம் வெளியே நின்று சுவரை அடித்துக்கொண்டிருந்தால் அவனுக்கு என்ன ஆகும்? புழு பிழைத்துக்கொள்ளும். அதைப் பிடிக்கும் குளவியும் சிலந்தியும்தான் செத்துப்போகும்.

இதற்கு வைத்தியம் மிகவும் சுலபம். தலை சாய்ந்த குருத்தை, புழு இருக்கும் இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே கிள்ளி எடுங்கள். பிளந்து பார்த்தால் உள்ளே புழு இருக்கும். ஓட்டை விழுந்த காயையும் பறித்துவிடுங்கள். இவற்றைக் குப்பைக் குழியில் வீசாதீர்கள். புழு வெளியே வந்து கூட்டுப்புழுவாகி, மறுபடி அந்துப்பூச்சியாகப் பறந்து வரும். நெருப்பில் போடுங்கள். இல்லையென்றால் பையில் இறுகக் கட்டிக் கடும் வெயிலில் வையுங்கள். வாரம் ஒரு முறையாவது தவறாமல் இதைச் செய்யணும். இனக்கவர்ச்சிப் பொறி கிடைத்தால் ஒன்று வாங்கிக் கட்டுங்கள். ஆண் அந்துப்பூச்சிகள் அதில் வந்து விழும்.

கூடவே வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். ஓடு நீக்கிய பருப்பு 50 கிராம் எடுத்து நசுக்குங்கள். துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வையுங்கள். மறுநாள் நன்றாகப் பிழிந்தால் பால் போல் வரும். வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, மாலை வேளையில் இலையின் அடிப்பக்கமும் படும்படி தெளியுங்கள். வெயில் நேரத்தில் தெளித்தால் வேம்பின் வீரியம் சீக்கிரம் குறைந்துவிடும். இது பூச்சியைத் தின்னவிடாமல், பெருகவிடாமல் செய்யும். அடித்த நிமிஷமே பூச்சி பொத்தென்று விழவில்லையே என்று மனம் தளரக் கூடாது.

அடுத்து, நண்பன் யார், எதிரி யார் என்று அடையாளம் காண்பது. இதற்கும் சினிமாவையே உதாரணம் சொல்கிறேன். 1966-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'வல்லவன் ஒருவன்' படத்தில் ஜெய்சங்கர் துப்பறியும் கதாநாயகன். அதே ஜெய்சங்கர் 'முரட்டுக்காளை'யில் ரஜினிகாந்துக்கு வில்லன். முகத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. இந்தப் படத்தில் அவர் என்ன வேலை செய்கிறார் என்று பார்க்கணும்.

தோட்டத்திலும் அப்படித்தான். உருண்டையாக, புள்ளி போட்ட வண்டு இரண்டு வகை உண்டு. பளபளவென்று மினுங்குவது பொறிவண்டு. அது அசுவினியைத் தின்று நமக்கு உதவி செய்யும். மங்கலாக, மேலே மெல்லிய ரோமத்தோடு இருப்பது கத்தரி இலையைத் தின்னும் புள்ளி வண்டு. அதில் ஒரு வகைக்கு 28 புள்ளிகள் இருக்கும். இலையின் பச்சையைச் சுரண்டிச் சல்லடை ஆக்கிவிடும். எண்ணிப் பார்க்க முடியாவிட்டால் பரவாயில்லை, இலையைப் பாருங்கள். இலை சல்லடையாக இருந்தால் அவன் வில்லன். அசுவினிக் கூட்டத்தின் நடுவே நின்றால் அவன் நண்பன். பொறிவண்டின் இளம்புழு பார்க்கக் கறுப்பாக, சின்ன முதலை மாதிரி இருக்கும். அவலட்சணமாக இருக்கிறதே என்று நசுக்கிவிடாதீர்கள். அசுவினியைத் தின்பதில் அதுவும் கெட்டிக்காரன். புள்ளி வண்டையும் அதன் மஞ்சள் நிற முள் புழுவையும் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் போதும்.

வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகி வலை பின்னினாற்போல் தெரிந்தால் அது மஞ்சள் நரம்பு தேமல் நோய். வெள்ளை ஈ பரப்புவது. இந்த நோய்க்கு மருந்து கிடையாது. அந்தச் செடியைப் பிடுங்கி அழித்துவிடுங்கள். பழைய தகரத் துண்டுக்கு மஞ்சள் வர்ணம் அடித்து, விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்துக்குக் கட்டி வைத்தால் வெள்ளை ஈ வந்து ஒட்டிக்கொள்ளும்.

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் ஒரே நாளில் போடாதீர்கள். முதலில் ஒரு சென்டுக்கு 100 கிலோ அளவில் நன்கு மக்கிய தொழு உரத்தை மண்ணோடு கலந்து பாத்தி கட்டுங்கள். கீரையில் ஆரம்பியுங்கள். முளைக்கீரை மூன்று, நான்கு வாரத்தில் கைக்கு வந்துவிடும். பிறகு வெண்டை. விதையை இரவு ஊறவைத்து, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி விட்டு ஊன்றுங்கள். ஒன்றரை மாதத்தில் காய் பறிக்கலாம். கொஞ்சம் கை பழகிய பிறகு கத்தரிக்கு வாருங்கள். கத்தரிக்கு இரண்டுக்கு இரண்டு அடி இடம் வேண்டும். நெருக்கி நட்டால் காற்றும் வெளிச்சமும் போகாது, பூச்சிக்குத்தான் கொண்டாட்டம். கத்தரி எடுத்த பாத்தியில் மறுபடி கத்தரியோ தக்காளியோ மிளகாயோ போடாமல் கீரை, கொத்தவரை என்று மாற்றிப் போடுங்கள்.

தண்ணீரும் அளவோடு இருக்கட்டும். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். இரண்டு அங்குல ஆழத்தில் ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம்.

அந்த இளைஞர் இப்போது தினமும் காலையில் பத்து நிமிஷம் செடியைச் சுற்றி வருகிறார். முதல் இரண்டு வாரம் பொறுமை இல்லாமல்தான் செய்தார். "ஒண்ணும் நடக்க மாட்டேங்குது சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாவது வாரத்தில் சாய்ந்த குருத்து குறைந்தது. பத்துக் காய் பறித்தால் இரண்டில் ஓட்டை இருந்தது, எட்டு நல்ல காய். அந்த எட்டையும் பாப்பாவுக்குப் பயமில்லாமல் ஆக்கிப் போடலாம். சண்டைப் படத்தையும் அவர் விடவில்லை. அதைச் சொன்னபோது நான் ஒன்று சொன்னேன். திரையில் நாம் பார்ப்பது ஒரே அடி. அதற்குப் பின்னால் சண்டைப் பயிற்சியாளர் ஒவ்வொரு கை வீச்சையும் எண்ணி எண்ணி எத்தனை முறை ஒத்திகை பார்க்கிறார்! தோட்டத்தில் தினம் பத்து நிமிஷம் சுற்றி வருவதும் அந்த ஒத்திகைதான்.

கடைசியாக, மிகவும் முக்கியமான விஷயம். இந்த வாரம் உங்கள் வீட்டுப் பரணையும் மாட்டுக் கொட்டகையையும் ஒரு முறை பாருங்கள். மிச்ச நஞ்சு இருந்தால், அதன் சொந்த பாட்டிலிலேயே, லேபிளோடு, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். சோடா பாட்டிலிலோ எண்ணெய் பாட்டிலிலோ மாற்றி ஊற்றாதீர்கள். வாய்க்காலிலும் கொட்டாதீர்கள். லேபிளில் முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. பச்சை என்றாலும் நஞ்சு நஞ்சுதான். தவறி யாராவது குடித்துவிட்டால், மேலே பட்டு மயக்கம் வந்தால், 108-ஐ அழையுங்கள். அந்த பாட்டிலையும் கையோடு மருத்துவரிடம் கொண்டு போங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் சரியான சிகிச்சை தர முடியும்.

சந்தேகம் இருந்தால் வாடிய குருத்தையோ இலையையோ கையில் எடுத்துக்கொண்டு உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்கு வாருங்கள். மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்னால் வாருங்கள்.