முதல் வண்டி எது?



இந்தச் சாணக்யபுரியில், தமிழ்நாடு இல்லத்திலும் தூதரகங்களிலும் வேலை பார்க்கும் தம்பிகள் கேட்பது இதுதான்: "அண்ணே, முதல் வண்டியாகப் புல்லட் வாங்கலாமா?"

1955-இல் சென்னையில் தொடங்கிய கம்பெனியின் வண்டி அது. எனக்கும் ஆசைதான்! ஆனால் இப்போதைய 350 சி.சி. புல்லட் 190 கிலோவுக்கு மேல். 100 சி.சி. ஸ்பிளெண்டர் சுமார் 112 கிலோ. சாந்தி பத் சாலையில் நேரே போனால் எந்த வண்டியும் சுகமாக ஓடும். ரவுண்டானாவில் மெல்லத் திரும்பும்போதுதான் கனம் தெரியும். சாய்ந்தால் புதியவர் தாங்க முடியாது. கால் மேலேயே விழும்.

கடைக்குப் போங்கள். வண்டியில் உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் படுகிறதா? இறங்கித் தள்ளுங்கள். தள்ள முடிகிறதா? முடிந்தால் வாங்குங்கள். மிச்சப் பணத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசம் வாங்குங்கள். லைசென்ஸ் எடுங்கள். ஒரு வருடம் ஓட்டுங்கள். பிறகு வாருங்கள், புல்லட்டைப் பற்றிப் பேசுவோம்.