வினையெச்சமும் வினைமுற்றும்: கணிப்பொறியிடம் கேள்வி கேட்கும் முறை

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், மயிலாப்பூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் கணிப்பொறிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலான முயற்சிகளால் நம் பழைய நூல்கள் பல இன்று மின்னெழுத்தில் கிடைக்கின்றன. 'இச்சொல் எங்கே வருகிறது?' என்று ஏட்டையும் அச்சு நூலையும் புரட்டிப் பார்த்த நாம், இப்போது எந்திரத்தைக் கேட்கிறோம். அது 'இல்லை' என்றால், 'தமிழில் இல்லை' என்று கட்டுரையும் எழுதிவிடுகிறோம். அந்த 'இல்லை' நூலின் இல்லையா, நாம் கேட்ட முறையின் குறையா? இந்த ஒரு வினாவையே உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

தேடல் நமக்குப் புதியதன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், தம் பதிப்புகளில் அரும்பத அகராதியையும் உரையாசிரியர் காட்டிய மேற்கோள் நூல்களின் பட்டியலையும் சேர்த்தார். அவர் பெயரால் 1943இல் ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் அமைந்த நூலகம், இன்றும் அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில் இருக்கிறது. அவருடைய பதிப்பு ஒன்றின் இறுதிப் பக்கங்களைப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது வரும் இடம் குறிக்கப்பட்டிருக்கும். 2010இல் வெளிவந்த எலாஸ்டிக்சர்ச் என்னும் தேடுபொறியும், அதற்கு அடித்தளமான லூசீனும் உள்ளே கட்டி வைத்திருப்பது இத்தகைய சொல்லடைவையே. சொல்லை ஒரு பக்கமும் அது வரும் இடங்களை மறு பக்கமும் எழுதிய பேரேடு அது. வேறுபாடு ஒன்று உண்டு. ஐயர் சொல்லைப் பிரித்தறிந்து அடைவில் ஏற்றினார். எந்திரமோ இரண்டு இடைவெளிகளுக்கு நடுவே நிற்பதையெல்லாம் ஒரு சொல் என்று கொள்கிறது.

இங்கேதான் தமிழ் அதனைத் திணறடிக்கிறது. 'மரம்' என்று கேட்டால் 'மரத்தை', 'மரங்கள்' கிட்டா. 'மர' என்று தொடங்குவனவற்றைக் கேட்டாலோ 'மரபு', 'மரணம்' மட்டுமன்றி 'மரியாதை'யும் வந்து நிற்கும். நமக்கு 'ரி' ஓரெழுத்து. யூனிக்கோடு முறையில் அது ரகரமும் இகரக் குறியுமாக இரண்டு. பொன்னும் குடமும் சேர்ந்து 'பொற்குடம்' ஆனால், 'பொன்' என்று தேடுபவருக்கு அது அகப்படாது. செய்யுளைச் சீர் பிரித்து அச்சிட்டால், 'கபாலீச்' ஓரிடத்திலும் 'சரம்' மற்றோரிடத்திலுமாகக் கோயிலே இரண்டாகிவிடும்.

நாம் கூடியிருக்கும் இவ்வூரையே சான்றாகக் கொள்வோம். பக்தி இலக்கியத்தில் மயிலாப்பூர் எங்கெங்கே வருகிறது? அப்பர் வாக்கில் இது 'மயிலாப்பு'. சம்பந்தரின் பூம்பாவைப் பதிகத்தில் 'மயிலை'. அதுவும் பல பாட்டுகளில் அடைமொழியோடு ஒட்டி ஒரே சொல்லாக நிற்கிறது. 'மயிலை' என்று தனிச்சொல்லாகத் தேடினால் அவை தப்பிவிடும். விகுதி களையும் கருவியைப் பூட்டினால், அது 'மயிலை' என்பதை மயில் என்னும் பறவையின் இரண்டாம் வேற்றுமை என்று கொண்டு ஐகாரத்தை வெட்டக்கூடும். ஊர் பறந்துபோகும்! எனவே, சொல்லின் முன்னும் பின்னும் எது ஒட்டியிருந்தாலும் ஏற்க வேண்டும் என்று நாம்தான் கேள்வியை வகுக்க வேண்டும்.

எலாஸ்டிக்சர்ச்சில் கூட்டுக் கேள்விக்குக் கூறுகள் நான்கு: கட்டாயம் வேண்டுவது, இருந்தால் நலம் என்பது, விலக்குவது, மதிப்பெண் இடாமல் வடிகட்டுவது. இவற்றை நேரடியாக எழுதினால் அடைப்புக்குள் அடைப்பாக விரியும். ஓர் அடைப்பு இடம் மாறினாலும் பொருள் மாறும். படிப்பவர் கண்ணுக்கு அது புலப்படாது. இதற்கு மாற்றாகவே நிரலாளர்கள் தொடர்நடை நூலகங்களை ஆக்கினர். எரிக் எவான்ஸ், மார்ட்டின் பௌலர் இருவரும் 2005இல் இந்நடைக்கு ஆங்கிலத்தில் 'சரளமான இடைமுகம்' என்று பொருள்படும் பெயரிட்டனர்.

அதன் இலக்கணம் நமக்குப் பழகியதே. 'சென்று, கண்டு, கேட்டு, வந்தான்' என்கிறோம். வினையெச்சங்கள் ஒன்றையொன்று பற்றி நடக்கின்றன. வினைமுற்று வந்த பிறகே வாக்கியம் முடிகிறது. தொடர்நடை நூலகத்திலும் ஒவ்வொரு படியும் கேள்வியை வளர்த்து அடுத்த படியிடம் கொடுக்கிறது. பைத்தான் மொழிக்கான எலாஸ்டிக்சர்ச் நூலகத்தில், இறுதியில் 'நிறைவேற்று' என்பது போன்ற ஏவல் வரும்வரை கேள்வி தேடுபொறிக்குச் செல்வதில்லை. நம் கேள்வியைத் தமிழில் எழுதிப் பார்த்தால் இவ்வாறு அமையும்:

திருமுறையும் திவ்வியப் பிரபந்தமும் என வடிகட்டி,
'மயிலை', 'மயிலாப்' இரண்டில் ஒன்றேனும் சொல்லினுள் வரக் கண்டு,
'கபாலீச்' உடனிருப்பின் முன்னே நிறுத்தி,
ஐம்பது ஐம்பதாகத் தருக.

இரண்டாம் அடியின் 'ஒன்றேனும்' மிக இன்றியமையாதது. வடிகட்டி ஒன்றை அமைத்துவிட்டு, இவ்விரு சொற்களையும் வெறுமனே 'இருந்தால் நலம்' என்று வைத்தால், இரண்டும் இல்லாத பாட்டுகளும் விடையில் சேர்ந்துவிடும். மூன்றாம் அடி அதனினும் முக்கியமானது. கோயிலின் பெயரைக் 'கட்டாயம்' என்று வைத்தால் விடை தூய்மையாகத் தோன்றும். பறவை மயில்கள் நீங்கிவிடும். ஆனால் திருவல்லிக்கேணியைப் பாடும் திருமங்கையாழ்வார், பதிகத்தின் இறுதிப் பாசுரத்தில் மயிலையையும் குறிக்கிறாரே, அதுவும் உடன் நீங்கிவிடும்! அந்த விடையை நம்பியவர், 'மயிலையைப் பாடியோர் சைவர் மட்டுமே' என்று எழுதக்கூடும். ஒரே ஒரு சொல் கட்டாயம் ஆனதால் ஒரு பொய் வரலாறு பிறந்துவிடும். மயில்களை விலக்கும் பொருட்டுத் 'தோகை' என்ற சொல்லை விலக்கினும் அதே இடர் உண்டு. மயிலையைப் பாடும் புலவன் மயிலையும் பாடலாம் அல்லவா? அத்தகைய இடங்களில் எந்திரம் தந்ததைக் கண்ணால் படித்துக் களைவதே முறை.

தொடர்நடை நூலகம் இத்தவறுகளைத் தானாகத் தடுக்காது. அது செய்யும் நன்மை வேறு: கேள்வியைப் படிக்கத்தக்கதாக ஆக்குகிறது. நிரல் அறியாத தமிழாசிரியர் ஒருவரும் நிரலாளர் அருகே அமர்ந்து அடியடியாகக் கேட்டு, 'இங்கே ஏன் கட்டாயம் என்றீர்கள்?' என்று மறுக்க இயலும். எந்திரத்தின் 'இல்லை'யைச் சோதிக்க வேறு வழி நமக்கு இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே. பதிப்பாசிரியர் தாம் ஒப்புநோக்கிய ஏட்டுப் பிரதிகளை முகவுரையில் கூறுவது நம் மரபு. கணிப்பொறியால் தேடி ஆய்வு செய்வோரும் தாம் தேடிய பதிப்பையும், கேட்ட கேள்வியையும் கட்டுரையோடு சேர்த்து அச்சிட வேண்டும். அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்தின் மலர்களில் வரும் ஆய்வுரைகளிலிருந்தே அம்மரபைத் தொடங்கலாம். விடை தவறானால், கேள்வி கையில் இருந்தால் பின்வருவோர் திருத்திக்கொள்வர். கேள்வி மறைந்துபோனால் தவறு மட்டுமே நிலைத்து நிற்கும்.