'ஸால்' என்னும் சிறுசொல்



மரக்காணத்து உப்பளங்களை அடுத்த இக்கீழ்புத்துப்பட்டில் உப்பை விடுத்து வேறெச் சொல்லைப் பேசுவது! இலத்தீனத்தார் அதனை 'ஸால்' என்றனர். பிரெஞ்சில் 'ஸெல்', செருமானியத்தில் 'ஸால்ட்ஸ்', ஆங்கிலத்தில் 'சால்ட்'. யாவும் ஒரு வேரின. கிரேக்கத்தில் முதலெழுத்து ஹகரமாகி 'ஹல்ஸ்' ஆயிற்று. ஆண்பாலில் அது உப்பு, பெண்பாலில் கடல். நெய்தல் நிலத்தார்க்கு இதில் வியப்பில்லை. இலத்தீனத்திலோ 'ஸால்' சொல்லின் நகைநுட்பத்தையும் குறித்தது. ஊடலுக்கு உப்பின் அளவை உவமை கூறிய வள்ளுவர்க்கு அது எளிதில் விளங்கியிருக்கும். உணவகங்களில் நாம் கேட்கும் 'சாலட்', 'சாஸ்' என்பனவும் 'உப்பிட்டது' என்னும் பொருளில் பிறந்தவையே.

ஊதியத்தைக் குறிக்கும் ஆங்கிலச் 'சாலரி'க்கு மூலம், இதன் வழிவந்த 'ஸலாரியம்'. ஆயினும் உரோமப் படைவீரர்க்கு உப்பையே கூலியாக அளந்தனர் என்பதற்குப் பழஞ்சான்று இல்லை. அச்சொல் உப்பினின்று வந்தது என்ற அளவில் பிளினி நின்றுவிட்டார். நம்மவரும் சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூடிச் 'சம்பளம்' ஆயிற்று என்பர். வழியுணவைக் குறிக்கும் 'சம்பலம்' என்னும் வடசொல்லே மூலம் என்பது மற்றொரு கருத்து. என் சார்பு இதற்கே. சம்பாக் கதையைக் கவிஞர்கள் பாடலாம். சொற்பிறப்பு என்று எழுத வேண்டா. நெல்லுக்கு உப்பை மாற்றிய உமணர் வாழ்வு அகநானூற்றிலேயே இருக்கிறது.