பணிப்பெண் அறிந்த கணக்கு

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தில்லி ஜங்புராவில் 2025 ஜூன் முதல் நாள் இடிக்கப்பட்ட மதராசி முகாமை நாம் அறிவோம். அங்கு வாழ்ந்த தமிழ்ப் பெண்கள் பலர் அண்டைக் காலனிகளில் வீட்டு வேலை செய்து பிழைத்தவர்கள்.

ஒரு வீட்டின் செல்வத்தை விருந்தினர் கூடத்தில் காண்பர். பணிப்பெண்ணோ குப்பைக்கூடையில் காண்பாள். தீபாவளிக்கு வந்த இனிப்புப் பெட்டி பிரிக்கப்படாமலே பூசணம் பூக்கிறது. குளிர்ப்பெட்டியின் மூலையில் பழங்கள் அழுகுகின்றன. விருந்தில் மீந்த சோறு கூடை நிறையக் கிடக்கிறது. அவற்றைத் தன் கையாலேயே கொட்டிவிட்டு, வீடு திரும்பும் வழியில் கால் கிலோ பருப்புக்குக் காசை எண்ணுகிறாள் அவள்.

2022-இல் உலகம் வீணாக்கிய உணவு ஏறத்தாழ 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது என்கிறது ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை. 1965-இல் லால் பகதூர் சாஸ்திரி வாரம் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு நாட்டை வேண்டினார். நான் அவ்வளவு கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஊசிப்போனதைக் கொடுப்பது தருமம் ஆகாது. நம் கூடைக்குப் போகவேண்டியதை அவள் வயிற்றுக்கு அனுப்புவதே ஆகும். கொடுப்பதாயின் சுடச்சுடக் கொடுங்கள். அதைக் கூலியில் கழிக்காதீர்கள். அளந்து சமையுங்கள்; அதனால் மிஞ்சும் பணத்தை அவள் சம்பளத்தில் சேருங்கள். அதுவே நம் இல்லங்களுக்கு அழகு.