ஊறுற்றார் பக்கம் நின்ற இளையபெருமாளார்

(ஐயா இல. இளையபெருமாள் நினைவேந்தல் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பேராயக் கட்சியினர் ஒருவருக்குத் தனித்தமிழ் அன்பர்கள் நினைவேந்தல் எடுப்பதா என்று சிலர் கேட்கக்கூடும், கேட்கட்டும். 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்து நம் மாணவர்கள் தெருவில் நின்றபோது, அவர் தில்லியில் ஆளுங்கட்சி வரிசையில் இருந்தவர். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அதே ஆண்டு ஏப்பிரலில் அமைந்த தீண்டாமை ஆய்வுக் குழுவின் தலைவராக அவர் ஆற்றிய பணி எந்தக் கட்சி எல்லைக்குள்ளும் அடங்காது.

அவர் காட்டுமன்னார்கோயில் பகுதியில் 1924-இல் பிறந்தவர். பள்ளியில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கெனத் தனியே வைத்த தண்ணீர்ப் பானையை உடைத்த சிறுவர் என்று சொல்லுவர். 1952 முதல் 1967 வரை நாடாளுமன்றத்தில் இருந்தார். 1980-இல் எழும்பூர்த் தொகுதியில் வென்று தமிழகச் சட்டமன்றம் புகுந்தார். 2005-இல் மறைந்தார். பொறுப்புகளின் பட்டியல் இவ்வளவு போதும்.

தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-இல் வந்தது. ஒறுப்பு என்ன? ஆறு திங்கள் வரை சிறை, அல்லது 500 உருபா வரை தண்டம், அல்லது இரண்டும். இதனினும் பெரிய ஓட்டை ஒன்று அதில் இருந்தது. மன்றத்தின் இசைவோடு இருதரப்பாரும் இணங்கி வழக்கை முடித்துக்கொள்ளலாம்! எண்ணிப் பாருங்கள். குளத்தில் நீர் மொள்ளவிடாமல் விரட்டப்பட்டவர் கூலிக்குச் செல்வது விரட்டியவரின் கழனிக்கே. முறையிட்ட மறுநாள் வேலை நின்றுவிடும். அடுப்பு எரியாது. ஊர்ப்பெரியவர்கள் திண்ணையில் கூடி, ‘ஒத்துப்போ’ என்பர். அவரும் ஒத்துப்போவார். அதற்குச் சட்டம் சூட்டிய பெயர் இணக்கம். வலியவனுக்கும் மெலியவனுக்கும் இடையே நிகழ்வது இணக்கமா? அடங்கிப்போதல் அன்றோ?

இளையபெருமாளார் குழு 1969 சனவரி 30-இல் அறிக்கை அளித்தது. அதற்கு ஒரு திங்களுக்கு முன்புதான், 1968 திசம்பர் 25 இரவில், கீழவெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் எரிந்து மாண்டன. அவ்வழக்கில் ஒறுக்கப்பட்ட நிலக்கிழாரை உயர்நயன்மன்றம் 1973-இல் விடுவித்தது.

அவ்வறிக்கையின் வழியே 1955-ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு, 1976 நவம்பர் 19-இல் நடைமுறைக்கு வந்தது. ‘இணங்கி முடிக்கும்’ வழி அடைபட்டது. புலனாய்வை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு அலுவலர், குற்றத்திற்கு உடந்தையானவராகக் கருதப்படுவார் என்ற விளக்கமும் சேர்ந்தது. என் மனத்தில் இவ்விரண்டுமே அவருடைய நினைவுத்தூண்கள். கல்லில் எழுப்பும் மண்டபங்கள் பிறகுதான். கோயிற் கருவறைப் பணி வழிவழி உரிமையாக இருத்தல் ஆகாது என்றும் அக்குழு பரிந்துரைத்தது. தமிழக அரசு 1970-இல் அதற்குச் சட்டம் இயற்றியது. அந்தப் போராட்டத்தின் கதை நீண்டது. அதற்குத் தனிக்கூட்டம் வேண்டும்.

இங்கு ஒரு சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். குற்றத்துக்கு ஆளானவரை நாளிதழ்கள் ‘பாதிக்கப்பட்டவர்’ என்கின்றன. அது வடசொல் வழி வந்தது. ‘ஊறுற்றார்’ என்போம், ஊறு வள்ளுவர் ஆண்ட சொல். சொல் கிடக்கட்டும், நெடுங்காலம் நம் வழக்குமன்றங்களில் ஊறுற்றாருக்கு இடமே இல்லையே! வழக்கு அரசுக்கும் குற்றவாளிக்கும் இடையே நடக்கும். அடிபட்டவர் சான்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறவேண்டியதுதான்.

1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1995-இல் வந்த விதிமுறைகள் ஊறுற்றாருக்குத் துயர்தீர்ப்புத் தொகை வகுத்தன. ஊறுற்றார், சான்றுரைப்போர் ஆகியோரின் உரிமைகளுக்கென்றே தனி இயலொன்று 2015-இல் சேர்க்கப்பட்டு, 2016 சனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. அதைக் காண இளையபெருமாளார் இல்லை. குற்றவாளி பிணை கேட்டால், ஊறுற்றாருக்கு முன்னறிவிப்புத் தரவேண்டும். அவர் சொல்லையும் மன்றம் கேட்கவேண்டும். முதற்செய்தியறிக்கையின் படியை விலையின்றித் தரவேண்டும்.

இவ்வுரிமைகள் எத்தனை சேரிகளில் தெரியும்? காவல்நிலையத் திண்ணையில் இன்றும் ‘ஒத்துப்போ’ என்னும் குரல் ஓயவில்லை. அவ்வியலை எளிய தூயதமிழில் எழுதி, நான்கு பக்கத் துண்டறிக்கையாக அச்சிட்டு, ஊர் ஊராகக் கொண்டுசெல்ல இக்கூட்டம் முடிவெடுக்க வேண்டுகிறேன். எழுதித்தரும் பணியை நான் ஏற்கிறேன். அச்சுச் செலவைப் பகிர்ந்துகொள்ள விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னைக் காணுங்கள்.