ஹாலந்தில் ஊசி மறுத்த ஊர்கள்



கடல் மட்டத்திற்குக் கீழே கிடக்கும் நிலத்தைக் கரை கட்டிக் காத்து வாழ்பவர்கள் ஹாலந்து மக்கள். கரையில் ஓரிடம் உடைந்தால் என்ன நேரும் என்பதை அந்நாட்டுச் சிறுவனும் அறிவான். அத்தகைய நாட்டில் நோயைத் தடுக்கும் கரையில் மட்டும் ஓர் உடைப்பு தலைமுறை தலைமுறையாக அடைபடாமல் இருந்து வருகிறது.

தென்மேற்கே சீலாந்து தொடங்கி வடகிழக்கே ஓவரைசல் வரை ஒரு பட்டைபோல் நீளும் ஊர்களில், பழமை வழுவாத சீர்திருத்தக் கிறிஸ்தவர் பலர் வாழ்கின்றனர். அவர்களுள் ஒரு சாரார் தடுப்பூசியை ஏற்பதில்லை. நோயும் நலமும் இறைவன் அளிப்பவை. நலமாயிருக்கும் உடலில் மருந்தை ஏற்றுவது அவன் காவலை ஐயுறுவதாகும் என்பது அவர்கள் கொள்கை. 1823-ஆம் ஆண்டிலேயே ஆபிரகாம் கபடோஸ் என்பவர் அம்மை குத்துதலை எதிர்த்து நூல் எழுதினார். அவரே ஒரு மருத்துவர் என்பதுதான் வியப்பு!

இளம்பிள்ளை வாதத்துக்குரிய தடுப்பூசி அந்நாட்டில் 1957-இல் வந்தது. நாளடைவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதனைப் பெற்றனர். ஆயினும் 1978-இல் 110 பேர் அந்நோய்க்கு ஆளாயினர். 1992-93-இல் 71 பேர். அவர்களுள் இருவர் மாண்டனர். ஏறத்தாழ அனைவரும் ஊசி மறுத்த குடும்பத்தினர்.

எஞ்சிய நூற்றுக்கு ஐந்து பேர் நாடெங்கும் சிதறியிருந்தால், கிருமி ஒருவரிடமிருந்து மற்றொருவரை அடைய வழியின்றி அழிந்திருக்கும். இவர்களோ ஒரே ஊரில் வாழ்ந்து, ஒரே பள்ளியில் பயின்று, ஒரே கோவிலில் தொழுது, தமக்குள்ளேயே மணம் முடிப்பவர்கள். சராசரிக் கணக்கு நம்மை ஏமாற்றுவது இங்கேதான். இக்கிருமி குடலில் வளர்வது. தொற்றியவருள் இருநூற்றில் ஒருவருக்கே ஏறக்குறைய வாதம் காண்கிறது. ஆதலின், நோயுற்ற 110 பேருக்குப் பின்னால், நோய்க்குறி ஏதுமின்றிக் கிருமியைச் சுமந்து நடமாடியவர் பல்லாயிரவர். அவ்வாண்டிலேயே அது கடல் கடந்து, கனடாவிலிருந்த அதே சபையினரை அடைந்தது. 1979-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஊசி போடாத ஆமிஷ் மக்களிடையே தோன்றியது. நெடுந்தொலைவையும் அது உறவின் வழியே கடந்தது.

இவர்களை மூடர் என்று நகைக்க எனக்கு மனம் வரவில்லை. அம்மை குத்துபவர் ஊருக்குள் நுழைந்ததும், என் பாட்டியையும் அவர் தம்பியையும் நெற்குதிருக்குள் ஒளித்து வைத்தார்களாம். அந்தத் தம்பியின் தழும்பேறிய முகத்தையும் பார்வையிழந்த ஒரு கண்ணையும் சிறுவயதில் நான் கண்டிருக்கிறேன். ஒளித்து வைத்தது அன்பின் மிகுதியால்தான். ஆனால் முடிவெடுத்தவர் வேறு; கண்ணை இழந்தவர் வேறு.

ஹாலந்திலும் அந்தச் சபையினருள்ளேயே, தடுப்பூசியும் இறைவன் தந்த கொடையே என்று கருதுவோர் உண்டு. அரசு எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. 2013-இல் தட்டம்மை மீண்டும் அதே ஊர்களுக்குள் புகுந்தது. 2,600-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள்.