கோழிக்கூண்டும் எலியும்: மருந்து வைக்கும் முன்

(பொதுக்கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



பி பிளாக் பின்புறம் இருக்கும் கோழிக்கூண்டைப் பற்றி சங்கத்துக்கு இரண்டு மனுக்கள் வந்திருக்கின்றன. கூண்டையே எடுத்துவிடுங்கள் என்கிறது ஒன்று. உடனே ஆள் கூப்பிட்டு எலி மருந்து வையுங்கள் என்கிறது மற்றொன்று. "சார், நீங்க கால்நடைத் துறையில இருந்தவர், நீங்களே பேசிடுங்க" என்று செயலாளர் சொல்லிவிட்டார். அதனால் நிற்கிறேன்.

முதலில், எலி இருக்கிறதா என்று வாதம் வேண்டாம். இருக்கிறது. எத்தனை என்றுகூட ஓரளவு சொல்லலாம், தீவன மூட்டையைப் பாருங்கள். வளர்ந்த கோழி ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் தின்னும். நம்மிடம் இருப்பது 8 கோழி. நாளுக்கு ஒரு கிலோகூட ஆகாது. 50 கிலோ மூட்டை 50 நாளுக்கு மேல் வர வேண்டும். மிச்சச் சோறும் கீரைத்தண்டும் வேறு போடுகிறோம். ஆனால் போன மூட்டை 35 நாளில் காலி. குறைந்தது 16 கிலோ கோழி வயிற்றுக்குப் போகவில்லை. ஒரு எலி நாளொன்றுக்கு 20, 25 கிராம் தின்னும். பகலில் அணிலும் மைனாவும் எடுப்பதைத் தாராளமாகக் கழித்தாலும் பத்துப் பதினைந்து எலிகளுக்கு நாம் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறோம். நம் மாதச் சந்தாவில்.

இதில்தான் விஷயமே இருக்கிறது. எலி கோழிக்காக வரவில்லை, இரவில் தட்டில் கிடக்கும் தீவனத்துக்காக வருகிறது. முட்டையும் குஞ்சும் கிடைத்தால் விடாது, அது உண்மை. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது, உட்கார்ந்த இடத்தில் காலைக் கடித்தால்கூட எதிர்க்காது. ஆனால் தினமும் வர வைப்பது தீவனம். கூண்டை எடுத்துவிட்டால் எலி போய்விடும் என்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். தீவனம் நின்ற மறுநாள் இந்தப் பதினைந்தும் எங்கே போகும்? இருபதடி தள்ளி பி பிளாக் தரைத்தள சமையலறைகள் இருக்கின்றன. குழாய் போகும் டக்ட் வழியே ஏறினால் நாலாவது மாடி வரை வழி. கூண்டை எடுத்தாலும் வைத்திருந்தாலும், முதல் வேலை கூண்டில் இல்லை. உங்கள் வீட்டில் இருக்கிறது.

வந்திருப்பது எது என்பதையும் பார்க்க வேண்டும். கூண்டின் கிழக்குப் பக்கம் புதுமண் குவியலோடு பெரிய வளைகள் தெரிகின்றன, அது பெருச்சாளி. தரையைத் தோண்டித்தான் வரும். மேலே தகரக் கூரை ஓரத்தில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி தடம் இருக்கிறது, அது வீட்டெலி. மரமும் குழாயும் ஏறும். தோட்டத்தில் ராத்திரி கிரீச்சென்று கத்திக்கொண்டு சுவரோரமாக ஓடும் கூர்மூக்குப் பிராணி எலியே இல்லை, மூஞ்சூறு. நாற்றம் அடிக்கும்தான். ஆனால் கரப்பான் பூச்சியைத் தின்று நமக்கு உபகாரம் செய்கிறது. பிள்ளையாரின் வாகனத்தை அடிக்கலாமா என்று ஏ பிளாக் அம்மா ஒருவர் கேட்டார். அதை விட்டுவிடலாம், அவரும் நிம்மதியாக இருக்கட்டும்.

இனி மருந்து. கடையில் கிடைக்கும் கறுப்புப் பொடி பெரும்பாலும் துத்தநாக பாஸ்பைடு. வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாகிவிடும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. எலிக்கும் அதே, குழந்தைக்கும் அதே. 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் ஒரு வீட்டில் எலி மருந்து வைத்து, அதன் நெடியிலேயே இரண்டு சிறு குழந்தைகள் இறந்ததைப் படித்திருப்பீர்கள். வைத்தவர்கள் காசு வாங்கிக்கொண்டு இந்த வேலையையே தொழிலாகச் செய்பவர்கள். அது மூடிய அறை, நம்முடையது திறந்தவெளி என்று சொல்லலாம். சரிதான். ஆனால் அந்தத் திறந்தவெளியில்தான் சாயங்காலம் நம் பிள்ளைகள் பந்து பொறுக்கப் போகிறார்கள், கோழி கண்டதையும் கொத்துகிறது.

கேக் மாதிரி கட்டியாக வரும் புரோமாடையலோன் வேறு வகை. அதைத் தின்ற எலி உடனே சாகாது. உள்ளே ரத்தம் கசிந்து சாக நாலைந்து நாள் ஆகும். அதுவரை தள்ளாடிக்கொண்டு வெளியே திரியும். அதைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும், தண்ணீர்த் தொட்டி மேல் வந்து உட்காரும் கூகைக்கும் அந்த விஷம் போய்ச் சேரும். செத்த எலி டக்டுக்குள் மாட்டினால் நாற்றம் எத்தனை நாள் என்று உங்களுக்கே தெரியும். இது எல்லாவற்றையும்விட எளிய காரணம் ஒன்று: தட்டு நிறையத் தீவனம் கிடக்கும்போது எலி எதற்கு மருந்தைத் தின்ன வேண்டும்?

ஆகவே வேலையை வரிசையாகச் செய்ய வேண்டும். வரிசை மாறினால் எலி வீட்டுக்குள் வரும்.

முதல் வாரம், வீடுகள். சிங்க்குக்குக் கீழே குழாய் சுவருக்குள் போகும் இடத்தைக் குனிந்து பாருங்கள். விரல் நுழையும் ஓட்டை என்றால் குட்டி எலி நுழையும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து மேலே சிமெண்டு பூசுங்கள். வெறும் பேப்பரும் தெர்மாகோலும் எலிக்குப் பொழுதுபோக்கு. குளியலறையில் தண்ணீர் போகும் துவாரத்தின் ஜாலி உடைந்திருந்தால் மாற்றுங்கள். தரைத்தளத்தார் பால்கனிக் கதவின் அடி இடைவெளிக்குத் தகரப் பட்டை அடியுங்கள். குப்பைப் பையை ராத்திரி வாசலில் வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. காலையில் வையுங்கள்.

அதே வாரத்தில் கூண்டுப் பக்கம் பொறிகளை வைத்துவிடலாம், ஆனால் விசை ஏற்றாமல். எலி புதுப் பொருளைக் கண்டால் சில நாள் ஒதுங்கிப் போகும். நாலைந்து நாள் சும்மா தீனி வைத்துப் பழக்க வேண்டும். மசால் வடை நல்லதுதான், சுட்ட தேங்காய்ச் சில்லும் கருவாடும் அதைவிட மணம் வீசும். பொறி சுவரை ஒட்டி இருக்க வேண்டும். எலி நடுவெளியில் நடக்காது. கோழியின் காலும் குழந்தையின் கையும் படாதபடி, இரு பக்கமும் துளை உள்ள மரப்பெட்டிக்குள் வையுங்கள்.

நான் சொல்வது பட்டென்று அடிக்கும் பொறி. கூண்டுப்பொறியில் உயிரோடு பிடித்து ஏரிக்கரையில் விடுவது, நம் எலியை அடுத்த தெருவுக்குத் தானம் செய்வது. கூண்டோடு வாளியில் அமுக்குவது கொடுமை. ஒட்டும் அட்டை அதைவிடக் கொடுமை. இந்திய விலங்கு நல வாரியமே அது வேண்டாம் என்று மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

இரண்டாவது வாரம் ஒரே நாளில் இரண்டு காரியம். சாயங்காலம் கோழி அடைந்ததும் தீவனத் தட்டையும் சிந்தியதையும் எடுத்துவிட வேண்டும். அன்று ராத்திரியே பொறியில் விசை ஏற்ற வேண்டும். பசித்த எலி தேடி வரும் முதல் இடம் பொறியாக இருக்கட்டும். தட்டு எடுப்பதில் ஒரு நாள்கூட விடுப்பு கிடையாது. ஞாயிறு, தீபாவளி, யாருக்காவது ஊரில் கல்யாணம், எதுவானாலும். கோழி ராத்திரி தின்னாது, பட்டினி போடுகிறோமே என்று வருத்தப்பட வேண்டாம். மூட்டையைச் சாக்கோடு வைக்காமல் மூடியுள்ள தகர டிரம்மில் கொட்டுங்கள். பிளாஸ்டிக் டிரம்மை ஒரே ராத்திரியில் கடித்துவிடும். முட்டையை மாலைக்குள் எடுத்துவிடுங்கள்.

பொறி தொடர்ந்து சில நாள் காலியாக இருக்கும்போதுதான் வளையை அடைக்க வேண்டும். முன்பே அடைத்தால் பக்கத்தில் புதிது தோண்டும். வளை வாயில் பழைய செய்தித்தாளைச் செருகி வையுங்கள். காலையில் அப்படியே இருந்தால் உள்ளே ஆள் இல்லை. பிறகு கல்லும் மண்ணும் போட்டு இடிக்கலாம்.

வலையைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது கட்டியிருப்பது அறுகோணக் கண் உள்ள கோழி வலை. அது கோழி வெளியே போகாமல் இருக்க, எலி உள்ளே வராமல் இருக்க அல்ல. அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பி வலை வேண்டும். அடிப்பகுதியில் ஓரடி அகலத்துக்கு வெளிப்பக்கமாக மடக்கி மண்ணுக்குள் புதைக்க வேண்டும். பெருச்சாளி சுவரை ஒட்டித்தான் தோண்டும், வலை தட்டும், பின்வாங்கி ஓரடி தள்ளித் தோண்ட அதற்குத் தோன்றுவதில்லை. கூண்டின் மேல் சாய்ந்திருக்கும் முல்லைக் கொடியை வெட்டத்தான் வேண்டும். நட்டவர் இங்கேதான் இருக்கிறார், மன்னிக்கவும்.

சுத்தம் செய்கிறவர்கள் கவனிக்க: எலிப்புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள், தூசி மூக்கில் ஏறும். பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்து ஊறவிட்டு, கையுறையோடு துடையுங்கள். ஐப்பசி மழை வந்தால் நம் பின்புறம் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகப் போனாலே எலிக்காய்ச்சல் வரும். வெறுங்காலோடு அதில் இறங்காதீர்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், மருத்துவரிடம் எலி நடமாடும் இடத்தில் தண்ணீரில் இறங்கினேன் என்று சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே தெரிந்தால் மாத்திரையில் முடியும், விட்டால் சிறுநீரகம் வரை போகும். கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கும் தோட்டக்காரருக்கும் கம் பூட்ஸ் வாங்கித் தருவது சங்கத்தின் செலவாக இருக்கட்டும். இந்தத் தண்ணீரில் தினமும் நிற்பது அவர்கள்தான்.

என் யோசனை இதுதான்: இரண்டு மனுக்களையும் ஆறு வாரம் நிறுத்தி வைப்போம். அடுத்த மூட்டையைப் பிரிக்கும்போது தேதியை டிரம்மின் மேல் எழுதுவோம். 50 நாள் வந்தால் கூண்டு இருக்கட்டும். மறுபடி 35 நாளில் காலியானால் கூண்டை எடுக்கச் சொல்லும் மனுவில் நானே முதல் கையெழுத்துப் போடுகிறேன்.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு வலை மாற்றும் வேலை. மண்வெட்டி இரண்டு இருக்கிறது, கம்பி வெட்டும் கட்டர் இல்லை. யாரிடமாவது இருந்தால் காவலாளி அறையில் கொடுத்து வையுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள்.